'நெவர்மைண்ட்' வருவதற்கு முன்: நிர்வாணாவின் ஆரம்பகால ஒலிப்பதிவுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1992 ஜனவரியில் அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம், மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' இருந்த இடத்தைப் பிடித்து அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பலருக்கு இந்தக் குழுவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. எனக்கு அது அதற்கு நான்கு வருடம் முன்னால், 1988 ஜனவரி 23 சனிக்கிழமை மதியம், சியாட்டிலில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் தொடங்குகிறது. அந்த நாளிலிருந்து 1991 வசந்தம் வரை இவர்கள் பதிவு செய்ததை வரிசையாகக் கேட்டவர்களுக்கு, 'ஒரே இரவில் வந்த புகழ்' என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பது புரியும். அந்தப் பதிவுகளைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஆரம்பகாலம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

பாடகரும் கிடார் கலைஞருமான கர்ட் கோபேனும் பேஸ் வாசித்த கிறிஸ்ட் நோவோசெலிக்கும் வாஷிங்டன் மாநிலத்தின் அபெர்டீன் பகுதியில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியது 1987இல். 'நெவர்மைண்ட்' பதிவுக்காக அவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸின் வான் நைஸ் பகுதியில் உள்ள சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவுக்குப் போனது 1991 மே மாதம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் ஆரம்பகாலம் என்கிறேன். முதல் ஆல்பமான 'ப்ளீச்', சில சிங்கிள்கள் (பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சிறு இசைத்தட்டுகள்), ஒரு ஈபி (சில பாடல்கள் மட்டும் உள்ள தட்டு), வானொலிப் பதிவுகள், பல டெமோக்கள் (மாதிரிப் பதிவுகள்) எல்லாம் இதில் அடங்கும். அதற்கும் முன்னால் கோபேன் தனியாகச் செய்த சில டேப்புகளும் உண்டு.

குழு உருவாகும் முன்பே கோபேன் பதிவு செய்திருக்கிறாரா?

செய்திருக்கிறார். அவருடைய அத்தை ஒருவர் இசைக்கலைஞர். அவர் வீட்டில் நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) பதியும் கருவி இருந்தது. பதின்ம வயதில் அங்கே போய், டிரம்ஸுக்குப் பதிலாக ஒரு பெட்டியைத் தட்டிப் பதிவு செய்திருக்கிறார். முக்கியமான டேப் அதற்குப் பிறகு வந்தது. 1985 இறுதியில் பதிவானதாகச் சொல்லப்படும் 'இல்லிட்டரசி வில் பிரிவேல்' அது. ஃபீக்கல் மேட்டர் என்ற பெயரில் கோபேன் பாடி, கிடார் வாசித்தார். மெல்வின்ஸ் குழுவின் டிரம்மர் டேல் குரோவர் பேஸும் டிரம்ஸும் வாசித்தார்.

இந்த டேப்பால் நடந்த பெரிய காரியம் ஒன்று உண்டு. கோபேன் இதன் பிரதி ஒன்றை நோவோசெலிக்கிடம் கொடுத்து, சேர்ந்து ஒரு குழு தொடங்கலாம் என்று கேட்டார். பல மாதம் பதில் இல்லை. கடைசியில் டேப்பைக் கேட்ட நோவோசெலிக்குக்கு அதிலிருந்த 'ஸ்பாங்க் த்ரூ' பிடித்துப்போனது. அங்கிருந்துதான் நிர்வாணா. அந்தப் பாட்டின் ஃபீக்கல் மேட்டர் வடிவம் 2005இல் வந்த 'ஸ்லிவர்: தி பெஸ்ட் ஆஃப் தி பாக்ஸ்' தொகுப்பில் இருக்கிறது. கேசட் இரைச்சலுக்கு நடுவே குரல் தெளிவாகவே கேட்கும். அப்போது அவருக்கு 18, 19 வயது. ஒரு பாட்டை மெதுவாகத் தொடங்கிக் கத்தலில் கொண்டுபோய் விடுகிற பழக்கம் அப்போதே இருந்திருக்கிறது.

1988 ஜனவரி 23 அன்று உண்மையில் என்ன நடந்தது?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

சியாட்டிலின் பாலார்ட் பகுதியில் முக்கோண வடிவக் கட்டடம் ஒன்றில் ரெசிப்ரோகல் ரெக்கார்டிங் என்ற ஸ்டுடியோ இருந்தது. எட்டு டிராக் இயந்திரம், சின்ன அறைகள், குறைந்த வாடகை. அங்கே ஒலிப்பதிவாளராக இருந்தவர் ஜாக் எண்டினோ. ஸ்கின் யார்டு குழுவின் கிடார் கலைஞரும் அவரே. சவுண்ட்கார்டன் குழுவின் 'ஸ்கிரீமிங் லைஃப்' ஈபியைப் பதிவு செய்தவர் இவர். அந்தப் பதிவின் சத்தம் கோபேனுக்குப் பிடித்திருந்ததால் நேராக ஸ்டுடியோவுக்குப் போன் செய்து நேரம் கேட்டார். நிர்வாணா என்ற பெயரே அப்போது இல்லை. யாரோ ஒரு பையன், கூட டிரம்ஸ் வாசிக்க மெல்வின்ஸின் டேல் குரோவர் வருகிறார். எண்டினோவுக்கு ஆர்வம் வந்ததே குரோவர் பெயரைக் கேட்டுத்தான்.

அன்று மதியம் வந்தார்கள். சுமார் ஆறு மணி நேரத்தில் பத்துப் பாட்டு பதிவாகி, ஒலித்தடங்களைச் சேர்த்துச் சமன்செய்யும் மிக்ஸும் முடிந்துவிட்டது. பாடல்களை மேடையில் வாசிப்பதுபோல் வாசித்தார்கள். கோபேன் பெரும்பாலான பாடல்களை ஒரே டேக்கில் பாடினார். பத்தாவது பாட்டு 'பென் கேப் சூ' நடுவில் டேப் தீர்ந்துபோனது. இன்னொரு ரீல் வாங்கப் பணம் செலவழிக்க அவர்கள் தயாராக இல்லை. எண்டினோ அந்தப் பாட்டை மெதுவாக மங்கவிட்டு முடித்தார். இன்றும் அந்தப் பதிவைக் கேட்டால் பாட்டு முடியாமலே காணாமல் போகும்.

மொத்தச் செலவு 152 டாலர் 44 சென்ட். கோபேன் துப்புரவு வேலை பார்த்துச் சேர்த்த பணம். அன்று இரவே டகோமாவுக்குப் போய், கம்யூனிட்டி வேர்ல்டு தியேட்டரில் கிட்டத்தட்ட அதே பாடல்களை மேடையில் வாசித்தார்கள்.

அந்தப் பத்தில் 'ஃப்ளாய்டு தி பார்பர்', 'பேப்பர் கட்ஸ்' இரண்டும் 'ப்ளீச்' ஆல்பத்தில் இடம்பிடித்தன. 'டவுனர்' பிற்பாடு அதன் மறுபதிப்பில் சேர்ந்தது. 'பீஸ்வாக்ஸ்', 'மெக்சிகன் சீஃபுட்', 'ஹேர்ஸ்பிரே குவீன்', 'ஏரோ செப்பலின்' ஆகியவை 1992 டிசம்பரில் 'இன்செஸ்டிசைட்' தொகுப்பில் வந்தன. அதாவது, ஒரு மதியத்தில் எடுத்த டெமோவை உலகின் மிகப் பிரபலமான ராக் குழு கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்து அப்படியே வெளியிட்டது. திருத்தவேண்டிய அவசியம் இருக்கவில்லை. இந்த டேப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் வியப்பு.

அந்த டேப் சப் பாப் நிறுவனத்துக்கு எப்படிப் போனது?

எண்டினோ தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை, குரல் அவருக்குப் பிடித்துவிட்டது. அதை சியாட்டிலின் சின்ன இசைத்தட்டு நிறுவனமான சப் பாப்பை நடத்திய இருவரில் ஒருவரான ஜோனதன் போன்மனிடம் கொடுத்தார். போன்மனுக்கு உடனே பிடித்துவிட்டது. அவருடைய கூட்டாளி புரூஸ் பாவிட்டுக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. எண்டினோ கொடுத்த இன்னொரு பிரதி வழியாக சியாட்டிலின் கே.சி.எம்.யூ. வானொலியில் 'ஃப்ளாய்டு தி பார்பர்' ஒலித்தது.

ஒலிப்பதிவாளருக்கு வந்த குழுவைப் பிடித்துப்போனதால் ஒரு கேசட் கை மாறியது. இந்தக் கதையில் அதிர்ஷ்டம் என்று ஏதாவது உண்டென்றால் அது இந்த ஒரு கேசட்தான்.

குழுவுக்கு வேறு பெயர்கள் இருந்தனவா?

ஸ்கிட் ரோ, பென் கேப் சூ, பிளிஸ், டெட் எட் ஃப்ரெட் என்று பல. 1988 மார்ச்சில் நிர்வாணா என்ற பெயரில் மேடை ஏறினார்கள். முரட்டுத்தனமான பங்க் பெயர் வேண்டாம், அழகாக ஒலிக்கிற பெயர் வேண்டும் என்று கோபேன் நினைத்தார்.

ஸ்டுடியோவுக்கு முந்தைய நேரடிப் பதிவு ஏதாவது கிடைக்கிறதா?

கிடைக்கிறது. 1987 வசந்த காலத்தில் ஒலிம்பியா நகரின் எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி வானொலியான கே.ஏ.ஓ.எஸ். நிலையத்தில் நேரலையாக வாசித்திருக்கிறார்கள். அப்போது டிரம்ஸில் ஆரன் பர்க்ஹார்ட். அந்தப் பதிவிலிருந்து சில பாடல்கள் 2004 நவம்பரில் வந்த 'வித் தி லைட்ஸ் அவுட்' பெட்டித் தொகுப்பில் உள்ளன. அதே தொகுப்பின் முதல் பாட்டு இன்னும் பழையது. ரேமண்ட் என்ற ஊரில் 1987 மார்ச்சில் ஒரு வீட்டு விருந்தில் வாசித்தது, லெட் செப்பலினின் 'ஹார்ட்பிரேக்கர்'. இசையாக அதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் விருந்துக்கு வந்தவர்களின் கூச்சலும் இவர்களின் தடுமாற்றமும் கேட்கும். ஒரு தடவையாவது கேளுங்கள்.

முதல் சிங்கிளே ஏன் அடுத்தவர் பாட்டு?

1988 நவம்பரில் வந்த 'லவ் பஸ்', ஷாக்கிங் புளூ என்ற டச்சுக் குழுவின் பழைய பாட்டு. அதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது சப் பாப். மேடையில் அது நன்றாக எடுபட்டது, பேஸ் வரி கேட்டவுடனே மனதில் நிற்கும். சொந்தப் பாட்டு முதலில் வரவேண்டும் என்று கோபேனுக்கு ஆசை இருந்தது. 'பிக் சீஸ்' மறுபக்கத்துக்குப் போனது.

ஆயிரம் பிரதிகள், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண். சப் பாப் தொடங்கிய சிங்கிள்ஸ் கிளப்பின் முதல் வெளியீடு இதுதான். சந்தா கட்டினால் மாதம் ஒரு சிங்கிள் வீட்டுக்கு வரும் திட்டம் அது. இன்று அந்த எண்ணிட்ட பிரதிகளுக்குச் சேகரிப்பவர்களிடம் பெரிய மதிப்பு. போலிகளும் உலவுகின்றன, வாங்குபவர்கள் கவனமாக இருங்கள்.

சிங்கிள் வடிவத்தையும் 'ப்ளீச்' வடிவத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். சிங்கிளின் தொடக்கத்தில் கோபேன் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி ஒட்டிய ஒலிக்கோவை ஒன்று வரும். முக்கால் நிமிடம் வைக்க ஆசைப்பட்டார், சில நொடிகளாகச் சுருக்கப்பட்டது. ஆல்பத்தில் அதுவும் இல்லை. வீட்டில் டேப்புகளை வெட்டி ஒட்டி விளையாடுவது அவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அது அதிகாரப்பூர்வ இசைத்தட்டில் எட்டிப் பார்த்த அரிய இடம் இது.

'ப்ளீச்' ஆல்பத்துக்கு ஆன செலவு உண்மையிலேயே 606 டாலர்தானா?

606 டாலர் 17 சென்ட். ஆல்பத்தின் உறையிலேயே 600 டாலர் என்று அச்சாகியிருக்கிறது. சிலர் இதை விளம்பரக் கதை என்று நினைக்கிறார்கள். ரெசிப்ரோகலின் வாடகையையும், சுமார் முப்பது மணி நேர வேலையையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் வருகிறது. 1988 டிசம்பர் கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கி 1989 ஜனவரி வரை சில அமர்வுகள். மறுபடியும் எண்டினோ, மறுபடியும் எட்டு டிராக். டிரம்ஸில் இப்போது சாட் சானிங். குரோவர் வாசித்த பழைய பாடல்களை சானிங்கை வைத்துத் திரும்பப் பதிவு செய்து பார்த்தார்கள். திருப்தி இல்லை. பழைய மதியத்துப் பதிவையே எடுத்துப் புதிதாக மிக்ஸ் செய்து ஆல்பத்தில் வைத்தார்கள். ஆல்பம் 1989 ஜூன் 15 அன்று வந்தது. முதல் ஆயிரம் பிரதிகள் வெள்ளை இசைத்தட்டு.

ஒப்பிட ஒரு கணக்கு: 'நெவர்மைண்ட்' ஆல்பத்துக்கு முதலில் ஒதுக்கிய தொகை 65,000 டாலர், முடியும்போது 1,20,000 டாலரைத் தாண்டியது.

குறைந்த செலவு என்பதைப் பெருமையாக மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த 606 டாலர் இசையின் வடிவத்தையே தீர்மானித்தது. எட்டு டிராக்கில் டிரம்ஸுக்குச் சில மைக்குகளே போகும். கிடாரை அடுக்கடுக்காகப் பதிய இடமில்லை. குரலுக்கு மேல் குரல் சேர்க்க நேரமில்லை. அதனால்தான் 'ப்ளீச்' உலர்ந்து, நெருக்கமாக, அறைக்குள்ளேயே நடப்பதுபோல் இருக்கிறது. மூன்று பேர் என்ன சத்தம் எழுப்பினார்களோ அதுதான் தட்டில் இருக்கிறது. ஒலியில் மினுமினுப்பு இல்லையென்று குறை சொல்பவர்கள், இந்த மூவரின் உண்மையான மேடைச் சத்தத்துக்கு மிக அருகில் இருக்கும் பதிவு இது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பெயரைப் பற்றியும் கேட்பார்கள். போதை ஊசிகளைப் பயன்படுத்தும் முன் பிளீச்சால் கழுவச் சொல்லி, எய்ட்ஸ் தடுப்புக்காக சான் பிரான்சிஸ்கோவில் ஒட்டியிருந்த சுவரொட்டியிலிருந்து வந்தது.

ஜேசன் எவர்மேன் ஒரு சுரம்கூட வாசிக்காமல் எப்படி உறையில் இருக்கிறார்?

அந்த 606 டாலரைக் கொடுத்தவர் அவர். பதிவு முடிந்த பிறகு இரண்டாவது கிடார் கலைஞராகக் குழுவில் சேர்ந்தார். நன்றிக்காகவும், குழுவில் ஒருவராக அவர் உணரட்டும் என்பதற்காகவும் பெயரைப் போட்டார்கள். உறைப் படத்தில் தலைமுடி பறக்க நிற்பவர்களில் அவரும் ஒருவர். படம் ஒலிம்பியாவில் ஒரு நிகழ்ச்சியின்போது டிரேசி மராண்டர் எடுத்தது. அதன் நெகட்டிவ்தான் உறையாக அச்சாகியிருக்கிறது.

1989 கோடைச் சுற்றுப்பயணத்திலேயே எவர்மேன் விலக நேர்ந்தது. பணம் அவருக்குத் திரும்பி வரவேயில்லை. பிறகு கொஞ்ச காலம் சவுண்ட்கார்டனில் பேஸ் வாசித்தார். அதன் பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ரேஞ்சர், சிறப்புப் படை வரை போனார்.

'ப்ளீச்' முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதே, 'அபௌட் எ கேர்ள்' மட்டும் ஏன் தனியாகத் தெரிகிறது?

நல்ல கேள்வி. ஆல்பத்தின் பெரும்பகுதி கனமான, மெதுவான, ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிடார் துணுக்கை) சுற்றிச் சுழலும் பாடல்கள். மெல்வின்ஸின் பாதிப்பு ஒரு காரணம். சியாட்டிலில் அப்போது எடுபட்ட சத்தத்துக்குள் பொருந்தவேண்டும் என்ற அழுத்தம் இன்னொரு காரணம். பாடல் வரிகளில் பெரும்பாலானவற்றைப் பதிவுக்கு முந்தைய இரவில் எழுதியதாகக் கோபேனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

'அபௌட் எ கேர்ள்' அப்படி வந்ததல்ல. 'மீட் தி பீட்டில்ஸ்' ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு எழுதிய பாட்டு அது. இரண்டு ஸ்வரக்கட்டு முன்னும் பின்னும் ஆட, மேலே ஒரு தெளிவான மெட்டு, வருத்தமான காதல் கணக்கு. பாட்டு பிறந்தது அப்போது கூட வாழ்ந்த, மேலே சொன்ன உறைப் படத்தை எடுத்த டிரேசி மராண்டரைப் பற்றி. அந்தக் காலத்து சியாட்டில் ராக் கூட்டத்தில் இப்படியொரு மெல்லிசைப் பாட்டை வைப்பது துணிச்சலான காரியம். 'நெவர்மைண்ட்' பாடல்களின் விதை இங்கே இருக்கிறது. 1993இல் எம்டிவியின் அன்பிளக்டு நிகழ்ச்சியை இதே பாட்டோடுதான் தொடங்கினார்கள்.

'ப்ளீச்' வந்தபோது யாராவது வாங்கினார்களா?

'நெவர்மைண்ட்' வரும் முன் வட அமெரிக்காவில் சுமார் 40,000 பிரதிகள் விற்றிருந்தது. சின்ன நிறுவனத்துக்கு அது நல்ல விற்பனை, கல்லூரி வானொலிகளில் ஓடியது. 1992இல் மறுபதிப்பு வந்தபோது பில்போர்டு பட்டியலில் 89ஆம் இடம் வரை ஏறியது. பிறகு அமெரிக்காவில் பத்து லட்சத்தைத் தாண்டி பிளாட்டினம் ஆனது.

எத்தனை டிரம்மர்கள்? கணக்கே குழப்பமாக இருக்கிறதே.

குழப்பம் நியாயமானது. முதலில் ஆரன் பர்க்ஹார்ட். ஜனவரி டெமோவுக்கு டேல் குரோவர். பிறகு கொஞ்ச நாள் டேவ் ஃபாஸ்டர். 1988 மே மாதம் முதல் இரண்டு வருடம் சாட் சானிங். அவர் போனதும் 'ஸ்லிவர்' பாட்டுக்கு மட்டும் மட்ஹனி குழுவின் டேன் பீட்டர்ஸ். 1990 ஆகஸ்டில் சோனிக் யூத் குழுவோடு போன பயணத்துக்கு மீண்டும் குரோவர். அந்தச் செப்டம்பரில் டேவ் குரோல். குரோலை அறிமுகப்படுத்தியவர் மெல்வின்ஸின் பஸ் ஆஸ்போர்ன். குரோல் இருந்த ஸ்கிரீம் குழு சுற்றுப்பயணத்தின் நடுவில் உடைந்து நின்ற நேரம் அது.

ஆரம்பகாலப் பதிவுகளைக் கேட்கும்போது டிரம்ஸைப் பின்தொடருங்கள் என்று எல்லோருக்கும் சொல்வேன். கோபேனின் குரல் 1988இலேயே முழுசாக வந்துவிட்டது. பாட்டின் அடித்தளத்தில் வரும் மாற்றம்தான் அதன்பின் நடக்கும் கதை. குரோவர் அடிப்பது தடித்து, பின்னுக்கு இழுப்பதுபோல் இருக்கும். சானிங் இலகுவாக, கொஞ்சம் ஊசலாடும் கையோடு வாசிப்பார். குரோல் வந்ததும் ஒவ்வொரு அடியும் பாட்டை முன்னால் தள்ளும்.

ஸ்மார்ட் ஸ்டுடியோ பதிவை ரசிகர்கள் ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

1990 ஏப்ரல் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்குப் போய், ஸ்மார்ட் ஸ்டுடியோவில் இசைத் தயாரிப்பாளர் புட்ச் விக் தலைமையில் ஒரு வாரத்துக்குள் பதிவு செய்தார்கள். சப் பாப்புக்கு இரண்டாவது ஆல்பம் தருவதாகத்தான் திட்டம். அங்கே பதிவானவற்றில் 'இன் புளூம்', 'லித்தியம்', 'பாலி' மூன்றும் அந்தப் பெயர்களிலேயே இருந்தன. 'இமோடியம்' என்று அப்போது அழைக்கப்பட்டது பின்னாளில் 'பிரீட்' ஆனது. 'பே டு பிளே' என்பது 'ஸ்டே அவே' ஆனது. 'டைவ்' பாட்டும் இங்கே பதிவானதுதான்.

அதாவது, குரோல் வருவதற்கு ஐந்து மாதம் முன்பே, பெரிய நிறுவன ஒப்பந்தம் எதுவும் இல்லாத நேரத்தில், 'நெவர்மைண்ட்' ஆல்பத்தின் ஐந்து பாடல்கள் ஏற்கெனவே டேப்பில் இருந்தன. அமைப்பும் அநேகமாக அதேதான். அமைதியான சரணம், வெடிக்கும் பல்லவி என்ற அச்சு இங்கேயே தயார். 'லித்தியம்' பாட்டைப் பாடிப் பாடிக் கோபேனின் தொண்டை கட்டிப்போய் வேலை நிறுத்த வேண்டிவந்தது.

ஆல்பம் வரவில்லை. அந்தக் கேசட் நிறுவனம் நிறுவனமாகக் கை மாறியது. கடைசியில் டேவிட் கெஃபன் நிறுவனத்தின் டி.ஜி.சி. அவர்களை எடுத்துக்கொண்டது. சப் பாப்போடு இருந்த ஒப்பந்தத்துக்காக அந்த நிறுவனத்துக்குப் பணமும், பின்வரும் விற்பனையில் பங்கும் கிடைத்தது. 'நெவர்மைண்ட்' பின்னுறையில் சப் பாப் சின்னம் இருப்பது அதனால்தான். தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்த அந்தச் சின்ன நிறுவனத்தை நிமிர்த்தி நிறுத்தியதில் அந்தப் பங்குக்குப் பெரிய இடம் உண்டு.

சானிங்குக்கு இதில் கிடைக்கவேண்டிய பெயர் வெகுகாலம் கிடைக்கவில்லை. ஸ்மார்ட் 'இன் புளூம்' பாட்டையும் ஆல்பத்து 'இன் புளூம்' பாட்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். டிரம்ஸ் எங்கே உருள்கிறது, எங்கே நிற்கிறது என்பது சானிங் அமைத்தது, குரோல் அதையே பலமாக வாசித்திருக்கிறார். இதைச் சொன்னவர் குரோல்தான். 2014இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில், பார்வையாளர்களில் இருந்த சானிங்குக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொன்னார். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

'ஸ்லிவர்' அடுத்தவரின் இடைவேளையில் பதிவானது என்பது நிஜமா?

நிஜம். 1990 ஜூலையில் ரெசிப்ரோகலில் டாட் குழு பதிவு செய்துகொண்டிருந்தது. அவர்கள் சாப்பிடப் போன இடைவெளியில், அவர்களுடைய கருவிகளையே எடுத்து இவர்கள் பாட்டின் அடித்தளத்தை முடித்தார்கள். குரல் பதிவு அதே மாதம் இன்னொரு நாள். அதே செப்டம்பரில் சிங்கிளாக வந்தது, மறுபக்கத்தில் ஸ்மார்ட் ஸ்டுடியோ 'டைவ்'. ஒரு சிறுவனைத் தாத்தா பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் கிளம்பிப் போகிற எளிய கதை. 'ப்ளீச்' இருட்டிலிருந்து குழு வெளியே வந்துவிட்டது என்று முதலில் அறிவித்தது இந்தப் பாட்டுதான்.

ஒரே பாட்டைப் பல தடவை பதிவு செய்து விட்டுவிட்டார்கள் என்கிறார்களே, அது எது?

'சாப்பி'. 1990 ஜனவரியில் எண்டினோவோடு, ஏப்ரலில் விக்கோடு, 1991இல் 'நெவர்மைண்ட்' அமர்வில், 1993இல் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியோடு. கடைசி வடிவம்தான் 'நோ ஆல்டர்நேட்டிவ்' தொகுப்பில், பெயர் குறிப்பிடாத மறைபாட்டாக வெளிவந்தது. கோபேனின் மனதில் இருந்த ஏதோ ஒன்று ஒரு பதிவிலும் பிடிபடவில்லை போலிருக்கிறது. எனக்கு எண்டினோ பதிவின் வறண்ட ஒலிதான் பிடிக்கும்.

இதையெல்லாம் எந்த வரிசையில், எங்கே கேட்பது?

பூட்லெக் (அனுமதியில்லாமல் வெளியான பதிவுகள்) தேடி அலையவேண்டிய காலம் போய்விட்டது. முதலில் 'ப்ளீச்'. முடிந்தால் 2009இல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பை எடுங்கள். 1990 பிப்ரவரியில் போர்ட்லாந்தில் வாசித்த முழு நிகழ்ச்சியும் கூடவே கிடைக்கும். அப்புறம் 'இன்செஸ்டிசைட்'. ஆனால் அதை முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்காமல், மேலே சொன்ன 1988 ஜனவரிப் பாடல்களை முதலில் கேளுங்கள். அந்தத் தொகுப்பில் 1988 முதல் 1991 வரை எல்லாம் கலந்து கிடப்பதால் முதல்முறை கேட்பவர்களுக்குத் திசை தெரியாமல் போகும்.

அதன்பிறகு 2011இல் வந்த 'நெவர்மைண்ட்' இருபதாம் ஆண்டுப் பெரிய பதிப்பு. ஸ்மார்ட் ஸ்டுடியோ பதிவும், 1991 தொடக்கத்தில் ஒத்திகையை பூம்பாக்ஸில் பதிவு செய்து புட்ச் விக்குக்கு அனுப்பிய கேசட்டும் அதில் உள்ளன. பூம்பாக்ஸ் பதிவில் ஒலி சிதறும். குரோலின் டிரம்ஸ் அந்தச் சின்ன மைக்கை அமுக்கி நசுக்கிவிடும். இருந்தாலும் விடவேண்டாம். 'வித் தி லைட்ஸ் அவுட்' கடைசியில் போதும்.

'நெவர்மைண்ட்' ஆல்பத்திலேயே பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. 'பாலி' பாட்டை சவுண்ட் சிட்டியில் புதிதாகப் பதிவு செய்யவில்லை. ஸ்மார்ட் ஸ்டுடியோவில் 1990 ஏப்ரலில் எடுத்ததையே வைத்துக்கொண்டார்கள். அந்தக் கிடார், கோபேன் பழைய சாமான் கடையில் மலிவாக வாங்கிய ஒரு ஸ்டெல்லா. தந்திகளை மாற்றவே இல்லை, சுருதி நழுவாமலிருக்க முறுக்காணிகளை டேப்பால் ஒட்டி வைத்திருந்தார். அதனால்தான் கிடார் அப்படி மந்தமாக, மரப்பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. மறுபடி பதிந்தால் அந்த மந்தம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டில் அங்கங்கே சில சிம்பல் தட்டல்கள் வரும். ஹெட்ஃபோனில் கேட்டால் நன்றாகத் தெரியும். அவற்றை வாசித்தவர் சாட் சானிங். கோடிக்கணக்கில் விற்ற அந்த ஆல்பத்தின் உறையில் அவர் பெயர் இல்லை.